பஞ்சுக் காளான் விற்றவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு ஊரில் நான் கிராம நர்ஸாக இருந்தேன். மருந்துப் பெட்டி, பிரசவக் கட்டில், என் சமையல் எல்லாம் ஒரே அறையில். நான் காரிமங்கலத்துப் பக்கம் மானாவாரி நிலத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் காளான் என்றால் புற்றுக் காளான்தான். மழை விட்ட மறுநாள் அப்பா துண்டில் முடிந்துகொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மிளகு அரைத்துக் கறிபோல அம்மா ஆக்குவாள். வேறு காளானைத் தொட்டால் திட்டு விழும்.

அந்த ஊரில் காளான் விற்கிற ஒருத்தி இருந்தாள். காவிரிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரே அவளை அக்கரைக்காரி என்றுதான் சொல்லும். முப்பது வயது இருக்கும். புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். மழைக்காலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் தேக்கிலைப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காசு கொடுத்தாலும் வாங்குவாள், ராகி கொடுத்தாலும் வாங்குவாள்.

அவள் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது நான்தான் கீறிக் கட்டுப் போட்டேன். புண் ஆறியதும் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"நோவு இல்லீங்க நர்சம்மா. இது நம்ம புளியமரத்தடி அணபெ. உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்" என்றாள். அணபெ என்றால் அவள் பாஷையில் காளான்.

பிரித்துப் பார்த்தேன். நான் அறிந்த காளான் மாதிரியே இல்லை. பன் ரொட்டிபோலக் கனத்த பழுப்புத் தொப்பி, குழந்தையின் முன்னங்கை அளவு தண்டு. தொப்பியைத் திருப்பினால் அடியில் மடிப்புகள் கிடையாது. ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடி ஓட்டைகளோடு மஞ்சள் பஞ்சு. எல்லாப் பஞ்சுக் காளானையும் தின்னக்கூடாது, அடி சிவந்திருந்தால் நானே தொடமாட்டேன் என்றாள். தோலையும் பஞ்சையும் உரித்துவிட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் குழம்பு வைக்க வேண்டுமாம்.

அவள் போன பிறகு காளானில் கத்தியை வைத்தேன். வெட்டிய இடம் கண் முன்னாலேயே நீலம் பாய்ந்தது. இதைத் தின்றால் அவ்வளவுதான் என்று நினைத்து, பொட்டலத்தோடு பின்னால் இருந்த குப்பைக் குழியில் போட்டேன். மறுநாள் பஸ்ஸுக்கு நின்றபோது, "ருசியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் மூன்று மணி இருக்கும். கட்டை வண்டியில் ஒரு பெண்ணையும் அவளுடைய இரண்டு மகள்களையும் கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்கும் விடாத வாந்தி, பேதி. சின்னவள் கண் செருகிக் கிடந்தாள். உப்பு சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே என்ன சாப்பிட்டீர்கள் என்று தாயைக் கேட்டேன்.

"காளானுங்க."

"யார்கிட்ட வாங்குனது?"

"காலையில அவருதான் பொட்டலத்தைக் குடுத்துட்டு, பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அக்கரைக்காரிகிட்டதான் வாங்கியிருப்பாரு."

அக்கரைக்காரி விற்ற காளான் என்று ரெஜிஸ்டரில் எழுதினேன். வாங்கியிருப்பார் என்றுதான் அவள் சொன்னாள். என் எழுத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. வண்டியோடு வந்தவர்களும் தாய் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

பால் வண்டியை நிறுத்தி மூன்று பேரையும் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர் பார்க்கக் கேட்பார் என்று, மிச்சக் குழம்பை எடுத்துவர அவர்கள் வீட்டுக்குப் போனேன். சட்டி காலி. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஆய்ந்து போட்ட துண்டுகள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். வெள்ளைத் தொப்பி. அடியில் புத்தகத் தாள்போல மடிப்பு மடிப்பாக, இலேசாகப் பச்சை ஓடியிருந்தது. பஞ்சு இல்லை.

கையில் அதோடு நிற்கும்போதே கீழத் தெருவில் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், அக்கரைக்காரி வீட்டு முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். அவளுடைய கூடை மிதிபட்டுக் கிடந்தது. வாசல்படியில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நான் இன்னிக்கு யாருக்கும் கொடுக்கலீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"புள்ளைங்களக் கொல்லப் பாத்தவ இந்த ஊருல இருக்கக்கூடாது" என்றார் ஒருவர்.

"இது அவங்க விக்கிற காளான் இல்லீங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"உங்களுக்குக் காளானப் பத்தி என்னங்க தெரியும் நர்சம்மா?"

நியாயமான கேள்விதான். மிதிபட்டதில் முழுசாகக் கிடந்த ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். மறு கையில் இருந்த துண்டையும் காட்டினேன். "இதுல பாருங்க, பஞ்சு. அந்த வூட்டுல கிடந்ததுல மடிப்பு. இவங்க எனக்கும் ஒருதரம் கொடுத்தாங்க. வெட்டினா நீலமாச்சுன்னு பயந்து குழியில போட்டுட்டேன். அதனாலதான் நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க எனக்குக் கூசியது.

ஆளாளுக்கு இரண்டையும் வாங்கிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணின் கணவரும் கூட்டத்தில்தான் இருந்தார். பாலக்கோட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். "பொட்டலத்தை எங்க வாங்குனீங்க?" என்று அவரைக் கேட்டேன். முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிதறிக் கிடந்ததை நானும் அவளும் பொறுக்கினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "பயம் இருக்கத்தாங்க செய்யும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே ரெஜிஸ்டரில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் தாயும் மகள்களும் தேறி வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்கள். கணவர் நாலடி பின்னால் நின்றார்.

"இவரு சொல்லிட்டாருங்க நர்சம்மா. மாடு மேயுற தரையில குடை குடையா மொளைச்சிருந்ததாம். புடுங்கி, தேக்கிலையில கட்டி எங்கிட்ட குடுத்திருக்காரு. ஆஸ்பத்திரியில புள்ள கண்ண முழிச்சப்புறந்தான் வாயத் தொறந்தாரு. அக்கரைக்காரி வூட்டுக்குப் போவணும், நீங்களும் வாங்க."

போனோம். அக்கரைக்காரி ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். கூட்டத்தப் பாத்ததும் அந்த அடி எனக்கு விழுமேன்னு இருந்துட்டேன்" என்றார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சின்னது கஞ்சி குடிக்குதா?" என்று தாயைக் கேட்டாள்.

"குடிக்குதுக்கா."

பிறகு அவரிடம் திரும்பினாள். "நீங்க சும்மா நின்னதுதாங்க எனக்குத் தாங்கல. கூடை போனா இன்னொண்ணு பின்னிக்குவேன்." சொல்லும்போதுதான் அழுதாள். அந்தத் தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கணவர் வெளியே போய் நின்றார்.

அந்த மழையில் அப்புறம் அவள் கடை போடவில்லை. அடுத்த வருஷம் போட்டாள். முதல் மூன்று நாள் ஊர்க்காரர் ஒருவரும் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் ஒன்று வாங்கினேன். நர்ஸ் இரக்கப்பட்டு வாங்கினாள் என்றுதான் ஊர் நினைத்தது.

நாலாம் நாள் காலை பஸ் வருகிற நேரத்தில் அந்தத் தாய் வந்தாள். எல்லோர் முன்னாலும் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அடியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டை முந்தானையில் போட்டுக்கொண்டாள். அக்கரைக்காரிக்கு அதில் கோபமில்லை. "நல்லாப் பாருங்க, பாத்துத்தான் வாங்கணும்" என்று அவளே ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த இன்னொருத்தியும் உட்கார்ந்து ஒன்றைத் திருப்பினாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் முதல் கவளத்தைக் கணவர்தான் எடுத்தாராம். மகள்களைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் தட்டு போடச் சொன்னாராம். அந்தத் தாய் அடுத்த முறை ஊசி போட வந்தபோது சொன்னாள்.