கஸ்டடி என்ற சொல்லுக்கு ஞானமுத்து சொன்ன பொருள்

மார்த்தாண்டம் சந்திப்பில் நான் நின்றிருந்தபோது, கடந்துபோன பஸ்ஸின் படியில் தொங்கியபடி கண்டக்டர் கத்தினார்: "ஓய் குமாஸ்தா, உங்க ஞானமுத்து சாரு போயிட்டாரு!" பஸ் நிற்கவில்லை. நான் நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன்.

கோர்ட்டுக்கு வந்து போனவர்களுக்கு அவரை மொழிபெயர்ப்பாளராகத் தெரியும். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் நடக்கும் விசாரணையைத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குச் சொல்வார். அவர்கள் பேச்சை நீதிபதிக்குச் சொல்வார். பாதிரியாராகப் படிக்கப் போய் இரண்டே வருடத்தில் திரும்பியவர். அங்கே கற்ற லத்தீன் மட்டும் மிச்சம். நான் ஒரு வக்கீலின் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே வயது.

மலையாள ராஜ்யத்தில் இருந்த நம் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் நடந்த காலம் அது. குளச்சலில் மீன் விற்கும் பிலோமினாவின் மகனை ஓர் ஊர்வலத்தில் போலீஸ் பிடித்துப் போனது. மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்தார்கள். விசாரணையில், இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் எழுதித் தந்த வாக்குமூலத்தை ஞானமுத்து தமிழில் சொன்னார்: "கூட்டம் அவனைத் தாக்கிவிடாமல் இருக்க, அவனுடைய பாதுகாப்புக்காகவே கஸ்டடியில் வைத்தோம்."

பிலோமினா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கஸ்டடின்னா என்ன சாரே?"

"காவல், அம்மா."

"காவலா? எனக்க மவனுக்கு முன்பல்லு நாலும் இல்ல. விலா ஒடிஞ்சு உள்ள போயிருக்கு. நகத்தைப் பிடுங்கியிருக்காவ. இதுக்குப் பேரு காவலா?"

அழுகையை மொழிபெயர்க்க வேண்டாம் என்றார் அரசு வக்கீல். ஞானமுத்து பல், விலா, நகம் எதையும் விடாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "அந்தச் சொல்லின் பொருளைக் கேட்கிறாள்" என்று முடித்தார். நீதிபதி அரசு வக்கீலைக் கையமர்த்தினார். பிறகு, "சொல்லுங்கள்" என்றார்.

"இது லத்தீன்ல இருந்து வந்த சொல்லு, அம்மா. கஸ்டோஸ்னா காவலாள். கஸ்டோடியான்னா ஒண்ணைக் கேடு வராம பாத்துக்கிடுதது. பொறவு சிறைக்கும் அதையே சொன்னாவ. நம்ம காவல் மாதிரிதான். தோட்டத்துக்கும் காவல், கைதிக்கும் காவல்."

"அப்போ கொண்டு போனவன் முழுசாத் திருப்பித் தரண்டாமா?"

அதையும் அவர் இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து, பட்டப்பகலில், சந்தை வாசலில் சிலர் அவரை மறித்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. இரும்புக் கம்பியால் தாடையில் அடித்தார்கள். விழுந்தவரின் வலது கையைக் கல்லில் வைத்து விரல்களை நசுக்கினார்கள். "இப்போ பேசுலே, லத்தீன் பேசு" என்றான் ஒருவன். எதிரே சாயாக்கடையில் இருந்த நான் எழுந்தேன். கடைக்காரர் பயந்து பலகைகளை அடைத்தார். நான் உள்ளேயே நின்றுவிட்டேன். இடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். "பாதுகாப்பு வேணும்னா சொல்லும், ஸ்டேஷன்ல வச்சே பாத்துக்கிடலாம்" என்றார். ஞானமுத்து சிரிக்க முயன்றார். தாடைக்கட்டில் ரத்தம் ஊறியது.

போலீஸ் கஸ்டடியில் பட்ட அடியால்தான் பையன் செத்தான் என்று நீதிபதி எழுதினார். இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம் மட்டும் கிடைத்தது. அதை எதிர்த்து அப்பீல் எழுதித் தரச் சொல்லி பிலோமினா என்னிடம் கேட்டிருந்தாள். ஞானமுத்துவுக்கோ பேச்சு குழறியது, கை எழுத மறுத்தது, வேலை போயிற்று. இரண்டு வருடம் தலைவலியோடு கிடந்தார். நம் தாலுகாக்கள் சென்னையோடு சேரச் சில வாரங்களே இருக்கும்போது, வலிப்பு வந்து இறந்துபோனார்.

அதற்குச் சில நாள் முன்புதான் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. "அன்னைக்கு நான் சாயாக்கடைக்குள்ள இருந்தேன்."

"கண்டேன் மக்கா" என்றார். "நீ வந்திருந்தா உனக்க கையும் போயிருக்கும். பொறவு பிலோமினாக்க அப்பீலை எவன் எழுதுவான்?"

நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் எழுதினேன். அவரை அடித்ததைப் பற்றித் தனியாக ஒரு மனு எழுதி, நேரில் கண்ட சாட்சி என்று என் பெயரைப் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் "கண்டேன் மக்கா" தான். அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.