பேராசிரியர் சொன்ன சொல் திரிபு

பள்ளிப்பட்டுச் சாலையில் ஒரு விபத்துச் செய்திக்காக நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. "அண்ணா, அம்மா போய்ட்டாங்க" என்றார் இயற்பியல் பேராசிரியர் கோமளவல்லியின் மகள். பிறகு எழுதிய விபத்துச் செய்தியில் ஊர்ப்பெயரையே இரண்டு முறை தவறாக எழுதி அடித்தேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், சென்னைக் கல்லூரியிலிருந்து திருத்தணி வீட்டுக்கு வந்திருந்த பேராசிரியரைப் பேட்டி கண்டேன். கணினிச் சில்லுக்குள் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய படலம், வேறு பொருள்களுக்கிடையே சிக்கிக் கிடக்கிறது. சூடேறினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரியப் பார்க்கும். படலம் இழுபடும் அல்லது நெருக்குண்ணும். அப்படி அளவு மாறுவதற்குப் பாடநூலில் 'திரிபு' என்று பெயர். திரிபு வெப்பம் கடப்பதை எப்படி மாற்றுகிறது என்பதே அவர் ஆய்வு. நான் புரியாமல் விழித்தேன்.

"பொதட்டூர்பேட்டை பஸ்ஸுல போயிருக்கீங்களா? நெருக்கி நின்னுகினு இருந்தா கண்டக்டர் குடுக்குற டிக்கெட்டு கைமாறி சடார்னு பின்னால போவுது. தள்ளித் தள்ளி நின்னா எட்டி எட்டிக் குடுக்கணும். சூடும் அப்படித்தான். இழுத்தா தயங்கும், அமுக்குனா பாயும்" என்றார்.

'சில்லுகளில் திரிபு' என்று எழுதி அனுப்பினேன். வாசகர்களுக்குப் புரியாதென்று அலுவலகத்தில் அதைப் 'பழுது' ஆக்கினார்கள். அச்சுக்குப் போகுமுன் நான் படித்துப் பார்க்கவில்லை. ஆய்வுக்குச் சில்லு தந்துவந்த நிறுவனம், தங்கள் சில்லில் பழுதென்று செய்தி வந்ததும், தருவதை நிறுத்திக்கொண்டது.

"இன்னாங்க ரிப்போர்ட்டரே, திரிபையே திரிச்சிட்டீங்களே?" என்று போனில் சிரித்தார். உடனே குரல் மாறியது. "ரெண்டு வரி திருத்தம் போடுங்க. அத்த காட்டித்தான் மறுபடி கேக்கணும்."

"ஆங், போட்டுடறோம் மேடம்."

"அறிவியல் செய்திக்கு எவன்யா திருத்தம் கேக்குறான்?" என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. சோதனை பாதியில் நின்றது. பேராசிரியரும் ஓய்வு பெற்றுத் திருத்தணிக்கே வந்துவிட்டார். கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் "இன்னா ஆச்சு?" என்பார். கடைசி இரண்டு வருடம் அதையும் கேட்கவில்லை. நான்தான் எதிர்ச்சாரியில் நடக்கத் தொடங்கினேன்.

நேற்று துக்க வீட்டு வாசலில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல பழுது கண்டுபுடிச்சாங்களே, அந்தம்மாதான்." உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பேராசிரியர் கோமளவல்லி எந்தச் சில்லிலும் பழுது கண்டதாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது திரிபு. தவறு எங்களுடையது, திருத்தாமல் விட்டது என்னுடையது.

இந்த அஞ்சலி வரும் பக்கம் அச்சேறும்வரை அலுவலகத்திலேயே, பக்கம் முடிப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கப்போகிறேன். அந்த ஒரு சொல்லில் யாரும் கைவைக்க விடமாட்டேன். போய் வாருங்கள், மேடம்.