மூக்கு பார்க்கப் போன குடும்பம்

போன வருஷம் ஆடி மாசம். போரூரில் ஒரு டாக்டரம்மாவின் அறை. மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மா. எதிரே என் மகள். அவள் பக்கத்தில் என் மனைவி. ஜன்னல் ஓரம், வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த என் அக்கா. நாற்காலி பத்தவில்லை. நான் கதவை ஒட்டி நின்றேன்.

எங்களுக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில், போன் பூட்டுகிற லைனில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மூக்கை ஆபரேஷன் பண்ணி மெலிசாக்கணும். ரொம்ப நாளாக அதே பேச்சு. ஓ.டி. பார்த்துப் பணம் சேர்த்தாள். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

லைனில் யாரோ சப்பை மூக்கு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதைவிட அவள் கையில் இருக்கிற போன். அதில் ஒரு வசதி இருக்கிறது. நம் முகத்தைப் படம் எடுத்து, மூக்கை மட்டும் மெலிசாக்கிக் காட்டும். அந்தப் படத்தோடு ஒருமுறை தனியாகவே இந்த டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். அடுத்த தடவை வரும்போது அப்பா, அம்மா, அப்பா வழியில் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். குடும்பத்து முகம் பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்றாராம். அப்படித்தான் எல்லோரும் போனோம்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் முகம், அவள் சம்பாத்தியம். படத்தை எனக்கும் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி இருந்தது. இந்த மூக்கோடு இவள் தெருவில் நடந்தால், என் பொண்ணு என்று யாரும் சொல்ல மாட்டார்களே என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா பேச ஆரம்பிப்பதற்குள் என் மனைவி பேசிவிட்டாள். அவள் தேனிப் பக்கம்.

"என் தப்புதேன் டாக்டர்."

"என்னம்மா தப்பு?"

"பச்சப்புள்ளையில குளிப்பாட்டும்போது மூக்கப் பிடிச்சு நீவி விடல. வீல்னு அழுதா. மனசு கேக்கல, விட்டுட்டேன். அதேன் இப்படி அமுங்கிப்போச்சு. நீங்கதேன் சரிபண்ணி விடணும்."

தினமும் எண்ணெய் வைத்து நீவினால் பிள்ளைக்கு மூக்கு எடுப்பாக வரும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இவள் நீவவில்லை என்பதை என் அக்கா இத்தனை வருஷமும் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே பார்த்தாலும் அதுதான். அன்றும் விடவில்லை.

"அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன் டாக்டர். இவ காதுல போட்டுக்கினாதான?"

டாக்டரம்மா அக்காவையே பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"நீங்க அத்தைதானே? இப்படி வாங்க. அப்பா, நீங்களும். மூணு பேரும் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க."

அக்கா, நான், மகள். கம்பெனி கேட்டில் செக்கிங்குக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

"இப்ப பாருங்கம்மா," என்றார் மனைவியிடம்.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அக்காவிடம் வந்ததும் கண் அங்கேயே நின்றது.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "ஒங்க மூக்க நீவாம விட்டது யாரு?"

மகள்தான் முதலில் சிரித்தாள். அக்கா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் மூக்குத்தி போட்டுக்கினு கீறேன். அதான் தெரில," என்றார். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. எத்தனை விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருத்தரும் பார்க்கவில்லை.

"நீவுறதால மூக்கு மாறாதும்மா," என்றார் டாக்டர். "இது இவங்க வழியில வந்தது. நீங்க குழந்தைய அழவிடாம பாத்துக்கிட்டீங்க. அவ்வளவுதான்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு டாக்டரம்மா மகளிடம் பேசினார். போனில் இருக்கிற மூக்கு வேறு மாதிரி முகத்துக்கு ஏற்றது என்றார். நம் தோல் கொஞ்சம் தடிப்பு. உள்ளே இருக்கிற குருத்தெலும்பு இளசு. ரொம்பக் குறைத்தால் தோல் அதன்மேல் படிந்து உட்காராது. மூச்சு விடவும் கஷ்டமாகலாம். தழும்பும் கறுத்துத் தெரியலாம். இந்தக் கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் அந்த மூக்கு ஒட்டவைத்த மாதிரி இருக்கும் என்றார்.

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா டாக்டர்?"

"முடியும். நுனியக் கொஞ்சம் தூக்கலாம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைக்கலாம். உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதுவும் வேணாம்னா எழுந்து போ, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னாப்பா சொல்ற?"

"உன் மூக்கு. உன் இஷ்டம்."

"இவன் வாயத் தொறந்து இன்னிக்குத்தான் ரெண்டு வார்த்த பேசிக்கீறான்," என்றார் அக்கா.

மகள் போனை எடுத்து அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடி வைத்தாள். "கொஞ்சமா பண்ணுங்க டாக்டர்," என்றாள்.

பண்ணினார். கண்ணெல்லாம் வீங்கிப் படுத்திருந்தாள். என் மனைவி கஞ்சி ஊட்டினாள். அக்கா வந்து கூடவே தங்கினார், வாய் மட்டும் அடங்கவில்லை. கட்டுப் பிரித்தபோதும் வீக்கம்தான் தெரிந்தது. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். வீக்கம் வற்ற மாசக்கணக்கானது. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பாட்டு முணுமுணுத்தாள். சரி, அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். என் பயம் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பொங்கல் முடிந்து ஒரு சாயங்காலம். ஷிப்ட் விட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரகடத்தில் ரோட்டோரம் ஒரு புது டீக்கடை. கடைக்காரர் தெற்கே எங்கிருந்தோ வந்தவர். எங்களை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் முன்னால் போய் நின்றாள். நான் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

"அப்பாவுக்கும் டீதானாம்மா?" என்றார்.

நான் அவள் அப்பா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா அண்ணாச்சி?" என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றினார்.

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் டீயைக் குடித்தேன். இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன்.

அந்த டாக்டரம்மா பணத்தை வாங்கிக்கொண்டு படத்தில் இருந்ததை அப்படியே செய்து கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. மகளுக்கு வேண்டியதைக் கொடுத்தார். எனக்கு வேண்டியதை, நான் கேட்காமலே விட்டுவைத்தார். முன்பின் தெரியாதவர்கள் எங்களைப் பார்த்து உங்க பொண்ணா என்று கேட்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். டீக்கடைக்காரரையும் சேர்த்து இதுவரை ஏழு பேர்.