ஏலத்தில் நான் வென்ற துண்டுத்துணிப் போர்வை

இன்று எங்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம். வழக்கமாகப் பூசணிக்காயும் சேவலும் குவியும் மேசையில் இந்த வருடம் போர்வைக் குவியல். பாளையங்கோட்டையில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய உடுப்புகளை வெட்டி, அந்தத் துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறார்கள். ஏலத்துக்கு வந்த ஒரே சேவல் அதைப் பார்த்து மிரண்டுபோய் நின்றது.

என் மனைவி கிரேஸ் தைத்துக் காணிக்கையாகக் கொடுத்த போர்வை ஏலத்துக்கு வந்தது. ஜங்ஷனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முதலில் கேட்டார்.

விடுவேனா? அவர் ஏற்ற, நான் ஏற்ற, ஏலம் விட்ட போதகர் ஐயரே வாயைப் பிளந்துவிட்டார். தூரத்திலிருந்து கிரேஸ் கண்ணை உருட்டினாள். என் வீரத்தை மெச்சுகிறாள் என்று இன்னும் ஏற்றினேன்.

அண்ணாச்சி கும்பிட்டுவிட்டார். "நீரே வச்சுக்கிடும் வே!"

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜாவாக வந்தேன்.

கிரேஸ் பாய்ந்தாள். "வேண்டாம்னுதானே கண்ணக் காட்டுனேன்! அவரு வாங்கிக் கடையில தொங்கவிட்டா எனக்கு நாலு ஆர்டர் வருமேன்னு இருந்தேன். நம்ம போர்வைய நீங்களே வாங்கிட்டு வந்து நிக்கீயளே!"

அதற்குள் அண்ணாச்சியே வந்தார். "பொண்டாட்டி தச்சதுக்குப் புருசனே இம்புட்டு மல்லுக்கட்டுதாருன்னா, சரக்குல விசயம் இருக்கும்மா. கடைக்குப் பத்து தச்சுக் குடு."

எல்லாம் என் வியாபாரத் தந்திரம் என்று நான் மீசையை முறுக்கினேன். கிரேஸோ என் சட்டை நுனியைத் தடவிப் பார்த்து, "இதுவும் நல்ல துணிதான்" என்றாள்.

பழைய சட்டை வைத்திருக்கும் நண்பர்கள் உடனே தகவல் சொல்லவும். இதை நான் பனியனோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.