பந்தைக் கத்திக் கேள்

ஆப்பிரிக்காவுக்கு ஓதிக்கொடுக்கப் போனவள் ஆம்பிளையோடு திரும்பி வந்தாள் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். பச்சைப் பொய். நான் என் காக்காவின், அதாவது மூத்த சகோதரனின், குடும்பத்தோடுதான் வந்து இறங்கினேன். அந்த ஆம்பிளை வந்தது பதினான்கு மாதம் கழித்து. அந்தப் பதினான்கு மாதமும் சாய்ந்தமருதில், என் வாப்பாவின் வீட்டில், அவரைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கதை சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் வலைப்பந்தாட்டக்காரி. நடு ஆட்டக்காரி, அதாவது மைதானம் முழுக்க ஓடுகிறவள். பத்தாம் வகுப்போடு வாப்பா நிறுத்தினார். "இனிக் காணும் மகள், போதும்" என்று ஒரே ஒரு வசனம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இன்றும் என் மீதே எனக்குக் கோபம் வரும். பிறகு பெண்கள் அரபுக் கல்லூரியில் சேர்ந்து ஐந்து வருடம் ஓதி மௌலவியா ஆனேன். காக்கா அப்போது மலாவியில், ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்த பாடசாலையில் மார்க்கம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். காக்காவும் அவர் மனைவி மச்சியும் அங்கேயே இருந்ததால் துணைக்குக் குறையில்லை என்று வாப்பா என்னை அனுப்பினார்.

தஃவாவுக்கு, மார்க்கத்தை எடுத்துச் சொல்ல, போகிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. போகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைப்போம். நான் ஓதல் கிதாபுகளோடு நான்கு வலைப்பந்துகள், ஒரு விசில், விதிப்புத்தகம் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் பழக்கிக் கொடுப்போம் என்று எண்ணம்! போய் இறங்கிய கிழமையே பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்து, இதுதான் பந்து என்று தொடங்கினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம் என்றேன். அல்லாஹ்! பதினெட்டுக்கு இரண்டு என்று நான் நின்ற அணி தோற்றது. அந்த இரண்டும் அவர்கள் இரக்கப்பட்டு விட்டது. பிளாஸ்டிக் பைகளையும் பழந்துணியையும் சுற்றிக் கட்டிய பந்தில் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஆடுகிறவர்கள். அந்த நாட்டில் பெண்பிள்ளைகளின் ஆட்டமே அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

அவர்களிடம் நான் படித்தது ஒன்று. அவர்கள் பந்தைக் கத்திக் கேட்டார்கள். "எனக்கு! இங்கே! இப்போது!" என்று அவர்கள் மொழியில் ஏரிக்கரையே அதிரக் கத்துவார்கள். கத்தாதவளுக்குப் பந்து வராது. நான் மூன்று வருடம் ஊரில் ஆடியவள், ஒரு தடவைகூட வாய் திறந்து பந்து கேட்டதில்லை. கண்ணால் கெஞ்சிக்கொண்டு நிற்பேன்.

அன்று நடுவராக நின்றவர் அங்கே கணிதம் படிப்பித்த ஆசிரியர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தண்ணீரைக் குடித்தேன், நன்றி சொல்லவில்லை.

அவருடைய உம்மா தேவாலயத்தில் பாடுகிறவர். இவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தானாகத் தேடி வாசித்து, தானாக முடிவெடுத்து முஸ்லிமானவர். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் காக்காவிடம் ஓத வருவார். காக்காவின் அந்த வகுப்பில் இருந்ததெல்லாம் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள். முப்பது வயதான மனிதர், ஆறடி உயரம், அந்தச் சின்னப் பாயில் கால்களை மடக்கி, பிள்ளைகளோடு பிள்ளையாக அலிப், பே, தே என்று சொல்லிக்கொண்டிருப்பார். பிழை விட்டால் பக்கத்திலிருக்கும் வாண்டுகள் திருத்தும். அவர் வெட்கப்படாமல் இன்னொரு தடவை சொல்வார். பகலில் அதே பிள்ளைகளுக்கு அவர் கணிதம் படிப்பிப்பார்.

அடுத்த அறையில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஓதல் தெரிந்த வீட்டில் பிறந்தவள். குர்ஆன் எனக்குச் சோறு மாதிரி, கேட்காமலே கிடைத்தது. அவர் அதை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு வாங்கினார். எனக்கு என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கம் போய் வேறொன்று வந்தது. மழுப்ப மாட்டேன்: அன்பு வந்தது. அந்த மனிதரோடு ஒரே பாயில் தொழுது, ஒரே கோப்பையில் சோறு தின்று சாக வேண்டும் என்று வந்தது.

அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நேரே காக்காவிடம் போய்ப் பெண் கேட்டார். காக்கா அன்று இரவுச் சோறு தின்னவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு இது தெரியுமா?" என்றார். "இப்பதான் தெரியும். எனக்கு விருப்பம்" என்றேன். காக்கா வாட்ஸ்அப்பில் வாப்பாவுக்குச் சொன்னார். வாப்பா பேர் கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை, தொழுவாரா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்ன குடியாம்?" என்றார்.

இலங்கையில், எங்கள் கிழக்குக் கரையில், ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய்வழியில் வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார்; அவரைத் தாண்டிக் கலியாணம் எழுத முடியாது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகப் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டி வைப்பார்கள். எனக்கும் ஒரு வீடு, எங்கள் வளவிலேயே, நான் அரபுக் கல்லூரியில் இருக்கும்போதே கட்டி முடிந்துவிட்டது. வரிப்பத்தான்சேனை வயலில் வாப்பா விளைவித்த நெல்லெல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

என் தவணை முடிந்ததும் காக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்தேன். விடுமுறை முடிந்து காக்கா திரும்பிப் போனார். நான் நின்றுகொண்டேன். பெண்ணைக் கொடுக்கிற உரிமை வாப்பாவுடையது. வாப்பா மறுத்தால் காதி நீதிபதியிடம் போகலாம் என்று எனக்கு நன்றாகவே தெரியும், நான் படித்த படிப்பே அதுதான். போகமாட்டேன் என்று முடிவெடுத்தேன். எனக்கு அவரும் வேண்டும், வாப்பாவும் வேண்டும். ஒருவரை விட்டு ஒருவரை எடுக்க நான் என்ன சந்தையிலா நிற்கிறேன்?

மாமிமார் சாச்சிமார் எல்லாம் வரிசையாக வந்தார்கள். குடி குடி என்றார்கள். குடி வெறும் சாட்டு. ஒரு சாச்சிதான் உடைத்துச் சொன்னாள்: "ஊரில மாப்பிள்ளைக்கென்ன பஞ்சமாகா? போயும் போயும் ஒரு கறுப்பன." எங்கள் குடி மரைக்கார் அவ்வளவு வெளிப்படையான ஆள் இல்லை. வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "குடி கோத்திரம் தெரியாத ஆளப் பள்ளியில எப்பிடி எழுதுற?" என்று இழுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னால் வந்து நின்றேன்.

"இஸ்லாத்தில முதல் பாங்கு சொன்னவர் என்ன நிறம் மாமா? அவரும் கறுப்பர்தானே? வெள்ளிக்கிழமை குத்பாவில அவர்ர கதையச் சொல்லிச் சொல்லி அழுறீங்களே, அவரே வந்து என்னப் பொண்ணு கேட்டா குடி விசாரிப்பீங்களா?"

மரைக்காருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. "வாயக் காட்டாத, உள்ள போ!" என்று வாப்பா சத்தம் போட்டார். போனேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பக்கத்துப் பெண்கள் பாடசாலையில் கேட்டு, வலைப்பந்து பழக்கத் தொடங்கினேன். மைதானத்தைச் சுற்றிக் கிடுகு வேலி அடைத்தோம். பிள்ளைகள் பர்தாவோடு, நீளக் காற்சட்டையோடு நன்றாகவே ஓடினார்கள். சத்தம்தான் வரவில்லை. பந்து வேண்டியவள் கையை இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டு நிற்பாள், அன்றைய என்னைப் போலவே. "வாயில என்ன கொழுக்கட்டையா? பந்தக் கத்திக் கேளுங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். மூன்று மாதம் பிடித்தது. முதல் தடவை ஒருத்தி "எனக்குத் தா!" என்று கத்தியபோது மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். பொம்பிளைப் பிள்ளைகளின் சத்தம் வீதிக்குக் கேட்கிறது என்று வாப்பாவிடம் முறைப்பாடு போனது. வாப்பா அதை என்னிடம் சொல்லவே இல்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். அங்கேதான் எனக்கு முதல் நம்பிக்கை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாப்பாவைக் காணவில்லை என்று தேடிப்போனேன். எனக்கென்று கட்டிய வெறும் வீட்டில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரை கூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் அவர் அங்கே வந்து கூட்டுவார் என்று எனக்குத் தெரியாது. விளக்குமாற்றை வாங்கப் போனேன், தரவில்லை.

"நீ அவன்ட நாட்டுக்குப் போயிருவாய்" என்றார். "நான் இத யாருக்காகக் கூட்டுறன் மகள்?"

பதினோரு மாதச் சண்டையில் அன்றைக்குத்தான் உண்மை வெளியே வந்தது. மனிதருக்குக் குடியும் பெரிதில்லை, நிறமும் பெரிதில்லை. மகள் போய்விடுவாள் என்ற பயம். எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிய வெட்கமும் வந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பெண்தான் போக வேண்டும் என்று எல்லோரும் முடிவுகட்டி ஒரு வருடமாகச் சண்டை பிடிக்கிறோம். சம்பந்தப்பட்ட மனிதரிடம் ஒருவராவது கேட்டோமா? பந்து கொண்டுபோன அதே புத்தி!

அந்த இடத்திலேயே அழைப்பெடுத்து, வாப்பாவுக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தேன். எங்களுக்குள் ஆங்கிலம்தான். கலியாணம் முடிந்தால் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"உன் வீட்டில்தான். வேறெங்கே இருப்பது?" என்றார். "எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குப் போக வேண்டும். என் தகப்பனும் அப்படி வந்தவர்தான். உங்கள் ஊரில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்களோ, என்னிடம் வீடு கேட்பார்களோ என்று நான்தான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்."

ஒவ்வொரு சொல்லாக வாப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். வாப்பா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"பிள்ளைகள் யார்ர பக்கமாம்?"

கேட்டேன். "தாயின் பக்கம்தான்" என்றார் அவர், இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல.

வாப்பா மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து விட்டார். "அப்ப ஆளுக்குச் சோறு ஒத்துக்குமா எண்டு கேளு" என்றார்.

விசாவுக்கும் கடதாசிகளுக்கும் இன்னும் மூன்று மாதம் போனது. அவர் வந்து இறங்கிய கிழமையே காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுத ஏற்பாடாகியது. என் புதுவீட்டு முற்றத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள். பதிவெழுத உட்கார்ந்த நேரம் பார்த்து மரைக்கார் பழைய பல்லவியைத் தொடங்கினார், மாப்பிள்ளைக்கு என்ன குடி என்று போடுவது என்று. ஜன்னலருகில் இருந்த எனக்கு வாப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பிறக்கிற பிள்ளைகள் எங்கட குடி, அது போதும். இவர் என்ட மருமகன். எழுதுறதெண்டா எழுதுங்க, இல்லாட்டிப் பேனையத் தாங்க, நான் எழுதுறன்."

பேனை அசைந்தது.

எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பது பேருக்குத்தான். அவள் தலை குனிந்து பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். பதிவில் வாப்பா கையெழுத்து வைப்பார், பெண் வைப்பதில்லை. அந்தக் கையெழுத்துக்கு முன் வாப்பா எழுந்து உள்ளே வந்தார். மாமிமார் சாச்சிமார் நிறைந்த அறையின் நடுவே நின்றார். என்னைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியபோது கேட்காத கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"மகள், ஒனக்குச் சம்மதமா?"

தலையைக் குனி என்று சாச்சி என் பிடரியில் கை வைத்து அழுத்தினாள். கதவோரத்தில் என் அணிப் பிள்ளைகள் ஏழு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் நிமிர்ந்தேன். மைதானத்தின் அந்த மூலையிலிருந்து பந்து கேட்கிற குரலில் சொன்னேன்.

"ஓம் வாப்பா! எனக்குச் சம்மதம்!"

"மெல்லச் சொல்லுகா, வெளிய கேக்குது!" என்று சாச்சி என் தொடையில் கிள்ளினாள்.

வெளியே கேட்கத்தானே சொன்னேன்.