இடப்பக்கத் தகரம்

விருத்தாசலத்தில் வண்டிகளுக்கு அவசர வழி அமைப்பவர் பழமலைநாதன். புகையில் கண் தெரியாது என்பதால், கண்ணைக் கட்டிக்கொண்டு தானே உள்ளிருந்து வெளியேறிப் பார்த்த பிறகுதான் வண்டியை ஒப்படைப்பார்.

பீங்கான் சூளை வாசலில் இட்லிக்கடை போட வேல்விழி வாங்கிய பழைய பஸ்ஸுக்குப் பின்புறம் கதவு வைத்தார். சோதனைக்குக் காலை 10.20க்கு உள்ளே போனவர், நான்கு நிமிடமாகியும் வரவில்லை. அவரிடம் வேலை பார்க்கும், நேரம் குறித்துக்கொண்டிருந்த நானும் வேல்விழியும் கதவைத் திறந்தோம். அவர் இடப்பக்கத் தகரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா இங்க தட்டின? வழி இதுதான்னு வந்துட்டேன்.”

“நான் பின்னாடிதான நின்னேன்ணே.”

தகரத்தை அறுத்தெடுத்தார். அடியில் பழைய அவசர ஜன்னல் ஒன்று பற்றவைத்து அடைக்கப்பட்டிருந்தது. அதன் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த கரியில் எட்டு விரல்கள் இழுத்த தடம் இருந்தது.



“அதயும் தொறந்து வுட்டுடுங்கண்ணே. தெனம் உள்ள நிக்கப் போறவ நானு” என்றாள் வேல்விழி.