நீச்சல்குளத்து விசில்

என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குக் கனூ போலோ மேல் ஆசை வந்தது. ஆளுக்கொரு சின்னப் படகு, கையில் துடுப்பு, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தண்ணீருக்கு மேலே உயரத்தில் தொங்கும் வலைக்குள் பந்தை எறிய வேண்டும். எதிராளியை இடிக்கலாம், சில சமயம் கவிழ்க்கவும் செய்யலாம்.

மாணவர்களும் மாணவிகளுமாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் நீச்சல்குளத்தைத் தர அங்குள்ள மேலாளர் அண்ணாச்சி சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"யாருக்கு என்ன ஆனா யாரு என்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க ஸார். அது இல்லாம ஒரு படகும் உள்ள வராது."

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் நீதிமன்றத்தில் எழுத்தர். எனக்கு நீந்தத் தெரியாது. அதனாலேயே அவருக்குத் தோன்றாத சந்தேகமெல்லாம் எனக்குத் தோன்றியது.

"படகு கவுந்தா தலை எங்க இருக்கும்?"

"தண்ணிக்குள்ள."

"பொறவு?"

"இடுப்பச் சுத்தி ஒரு மூடி மாட்டியிருப்போம்லா, அதுக்கு முன்னால ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தா மூடி கழண்டுரும். கால உருவிட்டு வெளிய வந்துரணும்."

"வளையம் கைக்கு அகப்படலன்னா?"

அவர் தோசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ இப்படியே கேட்டுக்கிட்டு இரு. அதத்தான் எழுதணும்."

இரண்டு சாயங்காலங்களில் எழுதி முடித்தோம். மார்பளவு தண்ணீரில் மூன்று தடவை கவிழ்ந்து தானாக வெளியே வந்து காட்டாதவர் ஆடக்கூடாது. படகின் மூக்கில் மெத்தை இருக்க வேண்டும். ஆற்றில் ஓட்டிய படகைக் கழுவாமல் குளத்தில் இறக்கக்கூடாது. நீச்சல் காவலர் ஒருவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கரையில் ஒருவர் பேச்சும் போனும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். நீண்ட விசில் கேட்டால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும்.

"பந்தப் பாக்காத, தலைய எண்ணு," என்று சொல்லித்தான் விசிலை என் கழுத்தில் மாட்டினார்.

உடம்பில் ஏதாவது குறை இருந்தால் எழுதச் சொல்லி ஒரு தாளும் வைத்தோம். அவர் தன் தாளில் 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது ஞாயிறு, பத்துப் பேரில் ஒரு பையன் விலகிவிட்டதால் அவரும் ஒரு படகில் ஏறி ஆடினார். களக்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி பந்துக்காகச் சாய்ந்தபோது அவள் படகு கவிழ்ந்தது. எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. விசிலை ஊதினேன். எல்லாப் படகும் நின்றன. இவர் படகு மட்டும் நிற்கவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, பந்தைப் பிடிக்கத் துடுப்பைப் பின்னுக்குப் போட்டு, கவிழ்ந்த படகை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். மறுபடி ஊதினேன். அந்தப் பெண்ணின் தலை மேலே வரவேண்டிய இடத்துக்கு அவருடைய படகு போய்விட்டது.

காவலர் பாய்ந்து படகைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். அவள் இருமிக்கொண்டே மேலே வந்தாள். அடி எதுவும் படவில்லை.

இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் நிக்கிய?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லோரும் உடை மாற்றப் போனபிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எத்தன நாளா காது கேக்கல?"

"வலது காது ஒரு வருசமா. இப்ப இடதும் மந்தமாத்தான் இருக்கு. சொன்னா வெளையாட விடமாட்ட."

ஒரு வருடமாக அவரோடு நான் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் பேசினால் காதில் வாங்குவதே இல்லை, வேறெதையோ பதிலாகச் சொல்கிறார் என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நடக்கும்போது அவர் இடம் மாறி எனக்கு வலப்பக்கம் வந்துகொள்வதைக்கூட ஏனென்று நான் கேட்டதில்லை. தண்ணீருக்குள் பத்துத் தலையை எண்ணத் தெரிந்தவளுக்கு வீட்டில் இருக்கும் ஒரு மனிதரைப் பார்க்கத் தெரியவில்லை. அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாணவர்களிடம் அவரே சொன்னார். "தப்பு என்னோடது. மறைச்சிருக்கக் கூடாது. இனிமே நான் படகுல ஏறல."

கவிழ்ந்த அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "விசில் கேட்டதும் நாங்க எல்லாரும் துடுப்பத் தலைக்கு மேல தூக்குதோம் ஸார். நீங்க எங்களப் பாத்தாப் போதும்லா?"

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, அதன் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். டாக்டர் கடிதம் வரும்வரை ஸார் கரையில்தான் நிற்கணும் என்று அவர் சொன்னது நியாயம்தான். மூன்று ஞாயிறு கரையில் நின்றார். டாக்டர் பரிசோதித்துக் காது கேட்கும் கருவி எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் இறங்கும்போது அதைக் கழற்றிவிட்டு, காதை அடைத்துக்கொண்டு ஆடலாம் என்று கடிதமும் தந்தார். துடுப்பு தூக்குவதை எங்கள் தாளில் சேர்த்தேன். ஆட்டத்துக்கு முன் விசிலுக்குப் படகை நிறுத்தி எல்லோரும் பழகினார்கள். நான் ஊதினேன். ஒன்பது துடுப்பு மேலே எழுந்தது. அடுத்த கணமே பத்தாவதும் எழுந்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் படகில் ஏறும் முன் கருவியைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் தருகிறார். கழற்றும் முன் கேட்பார், "எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிரு." சிலிண்டர் தீர்ந்தது, கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் மகன் மத்தியானம் சாப்பிட வருகிறான் என்று எதையாவது சொல்லுவேன்.

போன வாரம் சொல்ல வேறெதுவும் இல்லை. "நீங்க வெளையாடுதத பாக்க எனக்குப் புடிச்சிருக்கு," என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இப்படி எதையும் நான் சொன்னதில்லை.

"நல்லாக் கேட்டுச்சு," என்று சிரித்தார். பிறகுதான் கருவியைக் கழற்றினார்.